துருதுருப்பா, குறைபாடா? கருவி காட்டுவதும் காட்டாததும்

அஸர் கழிந்து, பிள்ளைகள் மதரஸாவிலிருந்து வீடு திரும்பும் வேளை. ஒரு வீட்டை மனக்கண்ணால் பார்ப்போம். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் செருப்பை ஒரு மூலையிலும் தொப்பியை மறு மூலையிலும் எறிந்துவிட்டு உள்ளே ஓடுகிறான். அவன் பின்னாலேயே செய்தியும் வந்து சேர்கிறது. "இரண்டு நிமிடம் ஓரிடத்தில் இருப்பதில்லை, ஓதுகிற மற்றப் பிள்ளைகளையும் கெடுக்கிறான்" என்று ஹஜ்ரத் சொல்லியனுப்பியிருக்கிறார். பள்ளிக்கூட டைரியிலும் சிவப்பு மையில் அதே புகார். "இவன் வாப்பாவும் சின்ன வயதில் இப்படித்தானே இருந்தான்" என்கிறார் வாப்பும்மா. "நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்று வாப்பா உம்மாவைக் கடிந்துகொள்கிறார். "நாலு அடி போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது பக்கத்து வீட்டாரின் வைத்தியம். உம்மாவோ அனைவருக்கும் நடுவே தலைகுனிந்து நிற்கிறாள்.

இந்தக் காட்சி நம் இல்லங்களுக்குப் புதிதன்று. ஆயின், இன்று இதனுடன் ஒரு புதிய சொல்லும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. இருக்குமோ?" என்று யாரோ ஓர் உறவினர் கேட்டுவிட்டுப் போகிறார். அன்றிலிருந்து அந்தத் தாய்க்கு உறக்கம் இல்லை. காய்ச்சல் என்றால் இரத்தப் பரிசோதனை செய்கிறோம். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே எடுக்கிறோம். அதுபோல, இந்தக் குறைபாடு உண்டா இல்லையா என்று ஐயமறக் காட்டும் சோதனை ஏதேனும் உண்டா? பெற்றோர் பலர் மனத்தில் எழும் இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதிய பெயர், பழைய பிரச்சினை

கவனக் குறைவு, மிகையான இயக்கம், முன்பின் எண்ணாமல் செயலில் இறங்கிவிடும் அவசரம் ஆகிய மூன்றும் தனித்தோ சேர்ந்தோ காணப்படும் வளர்ச்சிக் குறைபாட்டையே ஏ.டி.எச்.டி. என்கின்றனர். பெயர் புதிது, பிரச்சினை பழையது. ஜெர்மனி நாட்டு மருத்துவர் ஹென்ரிக் ஹாஃப்மன் 1840களில் எழுதிய குழந்தைகள் படக்கதையிலேயே இப்படி ஒரு சிறுவன் வருகிறான். உணவு மேசையில் அமைதியாக இருக்க மாட்டாமல் நாற்காலியை ஆட்டி ஆட்டி, கடைசியில் மேசை விரிப்பையும் உணவையும் இழுத்துக்கொண்டு கீழே விழுகிறான்.

மருத்துவ உலகம் இதனை உற்று நோக்கத் தொடங்கியது 1902ஆம் ஆண்டில் எனலாம். அவ்வாண்டு ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் சில குழந்தைகளைப் பற்றி விரிவாக எடுத்துரைத்தார். அவர்களுக்கு அறிவில் குறையில்லை. ஆனால் ஒன்றில் மனத்தை நிறுத்தவும், தம்மைத் தாமே அடக்கிக்கொள்ளவும் அவர்களால் இயலவில்லை. நல்ல முறையில் வளர்க்கப்பட்ட பிள்ளைகளிடமும் இந்நிலை இருந்ததை அவர் அன்றே குறிப்பிட்டார். வளர்ப்பைப் பழிக்கும் நாக்குகளுக்கு நூற்றாண்டுக்கு முன்னரே கிடைத்த பதில் இது. பிற்காலத்தில் இரட்டைக் குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வுகளும் இக்குறைபாட்டில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டெனக் காட்டின. "இவன் வாப்பாவும் இப்படித்தான்" என்ற வாப்பும்மாவின் சொல்லில் உண்மை இல்லாமல் இல்லை!

பல நாட்டு ஆய்வுகளை ஒன்று சேர்த்து 2007இல் வெளியிடப்பட்ட கணக்கின்படி, நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேரிடம் இக்குறைபாடு இருக்கிறது. ஓடியாடும் ஆண் பிள்ளைகள் எல்லார் கண்ணிலும் படுகின்றனர். ஒரு மூலையில் அமர்ந்து கனவு கண்டுகொண்டிருக்கும் பெண் பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. "மந்தமான பெண்" என்ற பெயரோடு அவள் வளர்ந்துவிடுகிறாள். அவளுக்கும் இதே குறைபாடு, ஓட்டமில்லாத வடிவில், இருக்கக்கூடும்.

எப்படி முடிவு செய்கிறார்கள்?

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட நோய் வரையறை நூல், கவனக் குறைவுக்கு ஒன்பது அடையாளங்களையும், மிகை இயக்கத்துக்கும் அவசரத்துக்கும் சேர்த்து ஒன்பது அடையாளங்களையும் பட்டியலிடுகிறது. ஒரு பிள்ளையிடம் இவ்விரு பட்டியல்களுள் ஒன்றிலேனும் ஆறு அடையாளங்கள் இருக்க வேண்டும். அவை ஆறு மாதமேனும் நீடித்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, பள்ளிக்கூடம் போன்ற இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் படிப்பையோ பழக்கத்தையோ வாழ்க்கையையோ அவை பாதித்திருக்க வேண்டும்.

வீட்டில் மட்டும் அடங்காமல் இருந்து பள்ளியிலும் மதரஸாவிலும் ஒழுங்காக இருக்கும் பிள்ளையை இந்தப் பெயரால் அழைக்க இடமில்லை என்பதை இதிலிருந்து உணரலாம். அவ்வாறே, பள்ளியில் மட்டும் சிக்கல் என்றால் அந்தப் பள்ளியில் என்ன நடக்கிறது என்றுதான் முதலில் விசாரிக்க வேண்டும்.

ஆயின் இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. இந்த அடையாளங்கள் உண்டா என்பதை மருத்துவர் எப்படி அறிகிறார்? பெற்றோரும் ஆசிரியரும் சொல்வதைக் கேட்டும், அவர்கள் நிரப்பிக் கொடுக்கும் வினாப் படிவங்களைப் பார்த்துமே அறிகிறார். "சொன்னதைக் காதில் வாங்குவதில்லை" என்ற வரிக்கு எதிரே "ஒருபோதும் இல்லை", "சில வேளை", "அடிக்கடி", "எப்போதும்" என்று இருக்கும். பொறுமை மிக்க தாய்க்குச் "சில வேளை" என்று படுவது, களைத்துப் போன ஆசிரியைக்கு "எப்போதும்" என்று படலாம். பிள்ளை ஒன்றுதான், பார்க்கும் கண்கள் வேறு.

இந்தக் கண் வேறுபாடு எவ்வளவு தூரம் கொண்டு போகும் என்பதற்குக் கனடாவில் ஒரு சான்று கிடைத்தது. அந்நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஒரே ஆண்டில் ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்த பிள்ளைகள் அனைவரும் ஒரே வகுப்பில் சேர்கின்றனர். ஆகவே டிசம்பரில் பிறந்த பிள்ளை, பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஜனவரிப் பிள்ளையைவிட ஏறத்தாழ ஒரு வயது இளையது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஏ.டி.எச்.டி. என்று முத்திரை பெறும் வாய்ப்பு, ஜனவரியில் பிறந்தவர்களைவிட டிசம்பரில் பிறந்த ஆண் பிள்ளைகளுக்கு 30 விழுக்காடும், பெண் பிள்ளைகளுக்கு 70 விழுக்காடும் மிகுதியாக இருந்தது!

பிறந்த மாதம் நோயைத் தருமா? தராது. வயதில் சிறிய பிள்ளை தன் வயதுக்கேற்ற விளையாட்டுத்தனத்தோடு இருந்ததைப் பலர் குறைபாடாகக் கண்டிருக்கின்றனர் என்பதே பொருள். அவர்களுள் பலர் மாத்திரையும் உட்கொண்டனர். மனிதக் கண்களை மட்டும் நம்பியிருந்தால் இத்தகைய தவறு நேரும் என்பதால்தான், பார்ப்பவரின் கருத்தைச் சாராமல் அளந்து காட்டும் சோதனைகளை அறிஞர்கள் நாடினர். இவற்றைப் புறவயச் சோதனைகள் என்பர்.

கணினியின் முன்னே கால் மணி நேரம்

இதற்கான வித்து 1956ஆம் ஆண்டிலேயே ஊன்றப்பட்டுவிட்டது. மூளையில் பாதிப்பு உள்ளவர்களைக் கண்டறிவதற்காக ரோஸ்வோல்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய துணைவர்களும் அவ்வாண்டு ஒரு சோதனையை வெளியிட்டனர். எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறையும். குறிப்பிட்ட ஓர் எழுத்து வரும்போது மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். இதற்குத் 'தொடர் செயல்திறன் சோதனை' என்று பெயர். இன்று வழக்கிலுள்ள சோதனைகள் பெரும்பாலும் இதன் வழித்தோன்றல்களே.

'டோவா' என்ற சோதனையில் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. திரையில் ஒரு சதுரம் தோன்றும். அதனுள் ஒரு சிறு கட்டம் மேற்பக்கத்தில் இருந்தால் அழுத்த வேண்டும், கீழ்ப்பக்கத்தில் இருந்தால் கையைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கும் இதில் பாதகமில்லை. 'கானர்ஸ்' பெயரால் வழங்கும் சோதனையோ இதற்கு நேர்மாறானது. ஓர் எழுத்தைத் தவிர மற்ற எல்லா எழுத்துகளுக்கும் அழுத்திக்கொண்டே வர வேண்டும். அந்த ஓர் எழுத்து வரும்போது கையை நிறுத்த வேண்டும். ஓடுகிற கையை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தால் தெரியும்.

சுவீடன் நாட்டில் உருவான 'கியூபி' சோதனை இன்னும் ஒரு படி மேலே சென்றது. பிள்ளையின் நெற்றியில் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு சிறு பந்தைப் பட்டையால் கட்டிவிடுவர். பிள்ளை திரையைப் பார்த்துப் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்போது, எதிரேயுள்ள அகச்சிவப்புக் கேமரா அந்தப் பந்தின் ஒவ்வோர் அசைவையும் பதிவு செய்கிறது. சிறு பிள்ளைகளுக்கு இது 15 நிமிடமும், பன்னிரண்டு வயதைக் கடந்தவர்களுக்கு 20 நிமிடமும் நடைபெறும். ஊசி இல்லை, வலி இல்லை.

சோதனை முடிந்ததும் கணினி சில கணக்குகளைத் தருகிறது. அழுத்த வேண்டிய இடத்தில் எத்தனை முறை தவறவிட்டான் என்பது கவனக் குறைவைச் சுட்டும். அழுத்தக் கூடாத இடத்தில் எத்தனை முறை அழுத்தினான் என்பது அவசரத்தைச் சுட்டும். ஒரு முறை விரைவாகவும் மறுமுறை தாமதமாகவும் அழுத்தினால், மனம் வந்து வந்து போகிறது என்று பொருள். தலை எவ்வளவு அசைந்தது என்பது இயக்கத்தின் அளவு. இவற்றை அதே வயதுடைய மற்றப் பிள்ளைகளின் அளவுகளோடு ஒப்பிட்டு மருத்துவரிடம் தருகின்றனர்.

"டி.வி.யின் முன்னால் மணிக்கணக்கில் அசையாமல் இருக்கிறானே, அவனுக்கு எப்படிக் கவனக் குறைவு இருக்கும்?" என்று பெற்றோர் பலர் கேட்பதுண்டு. கண்ணைப் பறிக்கும் காட்சி நொடிக்கொரு முறை மாறும்போது எந்த மனமும் அதில் ஒட்டிக்கொள்ளும். சுவையில்லாத வேலையில் மனத்தை நிறுத்துவதுதான் இப்பிள்ளைகளுக்குக் கடினம். அதனால்தான் இச்சோதனைகளை வேண்டுமென்றே சலிப்பூட்டும் வகையில் அமைத்திருக்கின்றனர்.

இங்கிலாந்து தந்த பாடம்

இத்தகைய சோதனையால் உண்மையில் பயன் உண்டா? இக்கேள்வியை இங்கிலாந்து மருத்துவர்கள் நேர்மையாகச் சோதித்துப் பார்த்தனர். பத்து மருத்துவ நிலையங்களில், ஏ.டி.எச்.டி. இருக்குமோ என்ற ஐயத்துடன் அனுப்பப்பட்ட ஆறு முதல் பதினேழு வயது வரையிலான 250 பிள்ளைகளுக்கும் கியூபி சோதனை நடத்தினர். ஒரு பாதியினரின் அறிக்கையை மருத்துவர் உடனே பார்த்தார். மறு பாதியினரின் அறிக்கையை மருத்துவரிடமோ குடும்பத்தாரிடமோ காட்டாமல் மூடி வைத்தனர்.

முடிவு 2018இல் வெளியாயிற்று. அறிக்கையைப் பார்த்த பிரிவில் ஆறு மாதத்துக்குள் 76 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு 'உண்டு' அல்லது 'இல்லை' என்ற தீர்மானம் கிடைத்துவிட்டது. பார்க்காத பிரிவில் 50 விழுக்காட்டினருக்கே கிடைத்தது. மருத்துவர் செலவிட்ட நேரமும் 15 விழுக்காடு குறைந்தது. இன்னொன்று மிக முக்கியமானது. "இப்பிள்ளைக்கு இக்குறைபாடு இல்லை" என்று மருத்துவர் துணிந்து கூறும் வாய்ப்பு இரு மடங்காயிற்று. முத்திரை குத்துவதற்கு மட்டுமன்று, தேவையற்ற முத்திரையிலிருந்து பிள்ளையைக் காப்பதற்கும் கருவி உதவியது.

ஆயின் அதே ஆய்வு இன்னோர் உண்மையையும் மறைக்காமல் கூறியது. தீர்மானம் விரைவாக வந்ததேயன்றி, சரியான தீர்மானங்களின் விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. நல்ல மருத்துவர் கருவி இல்லாமலும் சரியாகவே கண்டுபிடிக்கிறார்; கருவி இருந்தால் காத்திருக்கும் காலம் குறைகிறது. இவ்வளவுதான் அதன் பயன். எனினும், பிள்ளையை எண்ணி மாதக்கணக்கில் கலங்கும் தாய்க்கு அது சிறிய பயனன்று.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்த இங்கிலாந்தின் 'நைஸ்' எனும் மருத்துவ வழிகாட்டு நிறுவனம், 2024இல் ஆறு முதல் பதினேழு வயது வரையிலானவர்களுக்குக் கியூபி சோதனையைப் பயன்படுத்தலாம் எனப் பரிந்துரைத்தது. ஆனால் வழக்கமான மருத்துவ மதிப்பீட்டுக்குத் துணையாகவே பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை.

எல்லாக் கருவியும் ஒன்றன்று

கருவி என்றவுடன் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடலாகாது என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்று எடுத்துக்காட்டாகும். தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. முறையை நாம் அறிவோம். அதில் தீட்டா எனும் மெதுவான அலைக்கும் பீட்டா எனும் வேகமான அலைக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு இக்குறைபாட்டை அறியலாம் என்று கருதி ஒரு கருவி செய்தார்கள். மருத்துவரின் முழு மதிப்பீட்டுக்குத் துணையாகப் பயன்படுத்த 2013இல் அந்நாட்டு அரசின் உணவு, மருந்துத் துறை அதற்கு இசைவும் அளித்தது. மூன்றே ஆண்டுகள் கழித்து, 2016இல், அமெரிக்க நரம்பியல் கழகம் சான்றுகளை ஆராய்ந்து எச்சரிக்கை விடுத்தது. இந்த விகிதத்தை நம்பினால் குறைபாடு இல்லாத பிள்ளைகளுக்கும் உண்டெனத் தவறாக முடிவு செய்ய நேரிடும். எனவே மருத்துவ மதிப்பீட்டுக்குப் பதிலாக இதனைக் கொள்ளலாகாது என்பதே அந்த எச்சரிக்கை.

எனவே, "மூளையை ஸ்கேன் செய்து ஒரே நாளில் சொல்லிவிடுகிறோம்" என்று எவரேனும் விளம்பரம் செய்தால், பணப்பையைத் திறக்குமுன் இருமுறை யோசியுங்கள். கைப்பேசியில் விளையாட்டுப் போல வரும் 'சோதனை'களுக்கும் இதே அறிவுரை பொருந்தும். தனியொரு சோதனையால் ஏ.டி.எச்.டி.யை உறுதி செய்யும் வழி இன்றுவரை இல்லை.

கருவி காட்டாதவை

தராசு எடையைக் காட்டும். பிள்ளை ஏன் மெலிந்தான் என்று காட்டாது. இச்சோதனையும் அத்தகையதே. முதல் நாள் இரவு சரியாக உறங்காத பிள்ளை இதில் தவறுவான். மனத்தில் அச்சமோ கவலையோ உள்ள பிள்ளையும் தவறுவான். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும், கற்றலில் தனிக் குறைபாடு உள்ள பிள்ளைக்கும் இதே போன்ற கணக்குகள் வரலாம். மாறாக, உண்மையிலேயே இக்குறைபாடு உள்ள பிள்ளை, புதிய இடம், புதிய மனிதர், புதிய கருவி என்ற ஆர்வத்தில் கால் மணி நேரம் நன்றாகச் செய்துவிட்டு வரவும் கூடும். கருவி காண்பது கால் மணி நேரத்தை. பெற்றோர் கண்டிருப்பது எட்டு ஆண்டுகளை. இவ்விரண்டையும் சேர்த்து எடைபோடுவது மருத்துவரின் கடமை.

கவனம் சிதறுவதற்குப் பிற காரணங்களும் உண்டு. காது மந்தமாயிருந்தால் சொன்னது கேட்காது. பார்வை மங்கலாயிருந்தால் கரும்பலகை தெரியாது. மூக்கின் பின்புறச் சதை வளர்ந்து, குறட்டையும் மூச்சுத் தடையுமாக உறங்கும் பிள்ளை பகலில் நிலைகொள்ளாமல் இருப்பான். சில நொடிகள் பிள்ளை வெறித்துப் பார்த்து நின்றால், அது கனவன்று, ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம். இவற்றை முதலில் விலக்கிவிட வேண்டும். இல்லையேல் கண்ணாடி அணிய வேண்டிய பிள்ளைக்கு மாத்திரை கொடுத்தவர்களாவோம்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

ஐயம் எழுந்தால் குழந்தை நல மருத்துவரிடமோ, குழந்தை மனநல மருத்துவரிடமோ செல்லுங்கள். செல்லுமுன் இரண்டு மூன்று வாரம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்: எப்போது உறங்கினான், எந்த வேலையை எவ்வளவு நேரம் செய்தான், எங்கே தடுமாறினான், எதில் மனம் ஒன்றினான். பள்ளி ஆசிரியரிடமும், ஓதக் கொடுக்கும் ஹஜ்ரத்திடமும் பணிவாகக் கேட்டு, அவர்கள் கண்டதை எழுதித் தரச் சொல்லுங்கள். மதரஸாவும் பிள்ளை அமர்ந்து கற்கும் இடமே. அங்குள்ள நடத்தையும் மருத்துவருக்குப் பயன்படும் சான்றே. வகுப்பில் மற்றவர்களைவிட உங்கள் பிள்ளை வயதில் இளையவனா என்பதையும் மறவாமல் கூறுங்கள்.

மருத்துவர் கணினிச் சோதனை வேண்டுமென்றால் அஞ்ச வேண்டா. ஆனால் சில கேள்விகளைக் கேளுங்கள். இந்தச் சோதனை என் பிள்ளையின் வயதுக்கு ஏற்றதா? எந்தப் பிள்ளைகளின் அளவோடு ஒப்பிடுகிறீர்கள்? முடிவு வேறாகவும் வீட்டு அனுபவம் வேறாகவும் இருந்தால் எதை ஏற்பீர்கள்? நல்ல மருத்துவர் இக்கேள்விகளை வரவேற்பார். சோதனைக்குச் செல்லும் முந்திய இரவு பிள்ளை நன்றாக உறங்கியிருக்க வேண்டும். "இன்று நீ தேற வேண்டும்" என்று மிரட்டி அழைத்துச் செல்லாதீர்கள்; இது பரீட்சை அன்று.

குறைபாடு உண்டென முடிவானாலும் மனம் தளர வேண்டா. ஆறு வயதுக்குட்பட்ட சிறாருக்கு முதலில் தரவேண்டியது மருந்தன்று, பிள்ளையை நடத்தும் முறையில் பெற்றோருக்கான பயிற்சியே என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2019இல் அறிவுறுத்தியது. அதற்கு மேற்பட்ட வயதில் மருந்தும் பயிற்சியும் பள்ளியின் ஒத்துழைப்பும் சேர்ந்து நல்ல பலன் தருகின்றன. வேலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுப்பது, ஒரு நேரத்தில் ஒரே கட்டளை இடுவது, சரியாகச் செய்த உடனே பாராட்டுவது ஆகியன எந்த வீட்டிலும் இன்றே தொடங்கக்கூடியவை. மருந்து வேண்டுமா வேண்டாவா, எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

நாம் மனக்கண்ணால் கண்ட வீட்டுக்கே திரும்புவோம். அந்தச் சிறுவனுக்குக் குறைபாடு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எதுவாயினும், அடி அதற்கு மருந்தன்று. தாயின் மேல் போடும் பழியும் தீர்வன்று. அடம் பிடித்து அடங்க மறுப்பவன் வேறு. அடங்க விரும்பியும் இயலாமல் தவிப்பவன் வேறு. இருவரையும் பிரித்தறிய மருத்துவம் ஒரு கருவியையும் தந்திருக்கிறது. கருவியால் இயலாததைச் செய்யப் பெற்றோரின் பொறுமையையும் வேண்டி நிற்கிறது. இனி அவ்வீட்டு வாப்பா செய்ய வேண்டிய முதல் வேலை, கையிலுள்ள பிரம்பைக் கீழே வைத்துவிட்டு, உம்மாவோடு அமர்ந்து அந்தக் குறிப்பேட்டின் முதல் வரியை எழுதுவதுதான்.